மோட்லி க்ரூவின் முதல் ஆல்பம்: எந்தப் பதிப்பைக் கேட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கிளாம் மெட்டல் என்ற, வேஷமும் பளபளப்புமாக எண்பதுகளில் வந்த ராக் இசை வகை பற்றிய கட்டுரையைப் படித்தேன். இந்த இசையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் மைய வாதத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது. தலைமுடிக்கு ஸ்ப்ரே, முகத்துக்குச் சாயம், எம்டிவி என்ற இசைச் சேனல், பின்னால் பெரிய இசைத்தட்டு கம்பெனியின் பணம், இவ்வளவுதான் கிளாம் மெட்டல் என்கிறார் கட்டுரையாளர். அதற்குச் சாட்சியாக லாஸ் ஏஞ்சலஸ் குழுவான மோட்லி க்ரூவின் முதல் ஆல்பமான 'டூ ஃபாஸ்ட் ஃபார் லவ்'வைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். அந்தச் சாட்சி அவருக்கு எதிராகத்தான் பேசும்.

எண்பதுகளின் பின்பாதியில் வந்த பல குழுக்களுக்கு அவர் சொல்வது பொருந்தும், மறுக்கவில்லை. இந்த ஆல்பம் வெளிவந்தது 1981 நவம்பரில். எம்டிவி தொடங்கியதே அந்த ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி. மூன்று மாத இடைவெளியில் ஒரு டிவி சேனலைப் பார்த்து நான்கு பேர் வேஷம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்றால் நம்ப முடியவில்லை. அந்தச் சாயமும் ஹைஹீல்ஸும் எழுபதுகளின் நியூயார்க் டால்ஸ், ஸ்வீட், ஸ்லேட் போன்ற குழுக்களிடமிருந்து வந்த சொத்து. லாஸ் ஏஞ்சலஸ் கம்பெனிகளோ அப்போது நியூ வேவ் என்ற புதுப் பாணி பாப் ராக் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டார்வுட், விஸ்கி எ கோ கோ போன்ற கிளப்புகளில் மோட்லி க்ரூவுக்குக் கூட்டம் கூடியும் ஒப்பந்தம் வரவில்லை.

சரி, கம்பெனி வரவில்லையா, நாமே ஒன்று தொடங்குவோம் என்று தொடங்கியதுதான் லெதர் ரெக்கார்ட்ஸ். பணம் போட்ட மேனேஜர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். தயாரிப்பும் குழுவே. டிரம்ஸ் வாசித்த டாமி லீக்கு வயது 19, பாடகர் வின்ஸ் நீலுக்கு 20, பெரும்பாலான பாடல்களை எழுதிய பாஸ் கிட்டார்காரர் நிக்கி சிக்ஸுக்கு 22. கிட்டார் கலைஞர் மிக் மார்ஸ் மட்டும் முப்பதைத் தொட்டவர். சத்தமான, முரட்டுத்தனமான, அடாவடியான கிட்டார்காரர் கிடைப்பார் என்று தன்னைப் பற்றித் தானே பத்திரிகையில் வரி விளம்பரம் கொடுத்தவர் அவர். முதலில் அச்சடித்தது 900 இசைத்தட்டுகள்தான் என்பார்கள். கம்பெனியின் கை இதில் எங்கே இருக்கிறது?

தலைமுடி பற்றி அவ்வளவு எழுதியவர் ஆல்பத்தின் முன் அட்டையைப் பார்த்தாரா தெரியவில்லை. அதில் முகமும் இல்லை, முடியும் இல்லை. தோல் பேன்ட் அணிந்த வின்ஸ் நீலின் இடுப்பு மட்டும்தான். ரோலிங் ஸ்டோன்ஸ் 1971இல் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' ஆல்பத்துக்குப் போட்ட அட்டைக்கு இவர்கள் வைத்த சலாம் அது. ரசனை எப்படி என்று கேட்டால் நான் வாய் திறக்க மாட்டேன்.

இனி பாட்டுக்கு வருகிறேன், கட்டுரை அதிகம் தொடாத இடம் அதுதான். 'லைவ் வயர்' பாடல் தொடங்கும் வேகம், அதிவேகமும் முரட்டுத்தனமுமான பங்க் ராக் இசைக்குப் பக்கத்தில் நிற்கிறது. நடுவில் டாமி லீ கௌபெல் என்ற மணி போன்ற தாளக் கருவியைத் தட்டும் இடத்தில் எனக்கு இன்றும் கால் தானாக ஆடும். 'ஸ்டாரி ஐஸ்' கேட்டால் இவர்கள் சீப் டிரிக், ராஸ்பெரீஸ் போன்ற பாப் ராக் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் என்பது புரியும். கடைசிப் பாடல் 'ஆன் வித் தி ஷோ', ஃப்ராங்கி என்பவன் செத்துப்போன சேதியோடு தொடங்குகிறது. நிக்கி சிக்ஸின் இயற்பெயர் ஃப்ராங்க் ஃபெரானா. பழைய பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்ட இளைஞன் அந்தப் பெயருக்குத் தானே இரங்கல் பாடுகிறான். ஸ்ப்ரே டப்பாவிலிருந்து இப்படி ஒரு பாட்டு வராது.

குறைகள் இல்லாமல் இல்லை. வின்ஸ் நீலின் குரல் மெலிசு, உச்சத்தில் சுருதி நழுவும். பெண்களைப் பற்றிய வரிகள் பலவும் சகிக்கவில்லை. ஆள்களும் உத்தமர்கள் அல்ல. 1984 டிசம்பரில் வின்ஸ் நீல் குடித்துவிட்டு ஓட்டிய கார் மோதி, உடன் வந்த ஹனோய் ராக்ஸ் குழுவின் டிரம்மர் ராஸல் என்பவர் இறந்தார். அவர்களுக்கு நற்சான்றிதழ் தர நான் வரவில்லை.

கட்டுரையாளர் தடம் மாறிய இடம் எது என்பதை அவரே காட்டிவிட்டார். ஆல்பத்தில் ஒன்பது பாடல்கள் என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் அவர் கேட்டது 1982 ஆகஸ்டில் எலெக்ட்ரா கம்பெனி வெளியிட்ட பதிப்பு. குவீன் குழுவோடு வேலை செய்த ராய் தாமஸ் பேக்கரை வைத்து மறுபடி மிக்ஸிங் (ஒலிக்கலவை) செய்து, வரிசையை மாற்றி, இரண்டாம் பக்கத்தில் இருந்த 'கம் ஆன் அண்ட் டான்ஸ்' பாடலை முதல் பக்கத்துக்குத் தூக்கி வைத்தார்கள். 'ஸ்டிக் டு யுவர் கன்ஸ்' பாடலை எடுத்தே விட்டார்கள். குழு தானே தொடங்கிய கம்பெனியில் வெளியிட்ட முதல் சிங்கிள் (தனிப்பாடல் தட்டு) அது! பளபளப்பு கூடியது உண்மை, ஆனால் அது பின்னால் பூசியது. அந்தப் பூச்சைப் பார்த்துவிட்டு, அடியில் இருப்பதும் கம்பெனி சரக்கு என்று தீர்ப்புச் சொல்வது நியாயமா? லெதர் பதிப்பின் மிக்ஸிங் 2003இல் வந்த பெட்டித் தொகுப்பில் இருக்கிறது. அதையும் ஒருமுறை கேட்டுவிட்டு அவர் எழுதினால் நான் படிக்கக் காத்திருக்கிறேன்.

இன்னொன்று. இந்தத் தொடர் நீளுமானால் லாஸ் ஏஞ்சலஸையே சுற்றி வர வேண்டாம். மேலே சொன்ன ஹனோய் ராக்ஸ் பின்லாந்துக் குழு. அவர்களுடைய முதல் ஆல்பம் மோட்லி க்ரூவுக்கும் முன்பே, அதே 1981இல் வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி