தாராவி மருந்துக்கடை அண்ணாச்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

மும்பை தாராவியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் மருந்துக்கடை நடத்தும் தமிழர்களுக்கு வணக்கம்.

நான் மருந்தியல் ஆய்வாளர். நோயைத் தீர்க்கும் மருந்து, நம் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை எப்படிக் கெடுக்கிறது என்று பார்ப்பதே என் வேலை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். மற்ற மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்குத் தரும் லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கைச் சாப்பிடும் நோயாளி, உள்ளங்கால் எரிகிறது, விரல் மரத்துப்போகிறது என்று சொன்னால், சத்து மாத்திரை அட்டையை நீட்டி அனுப்பிவிடாதீர்கள். அவரை அன்றைக்கே சிகிச்சை தரும் மருத்துவரிடம் திருப்பி அனுப்புங்கள்.

சத்து மாத்திரை கொடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஐசோனியசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்து உடலில் வைட்டமின் பி6-ஐக் குறைப்பதால் நரம்பு கெடும். அதற்குப் பி6 கொடுப்பது சரியான வைத்தியம். ஆனால் லினசோலிட் கெடுக்கும் வழியே வேறு. பாக்டீரியாவுக்குள் புரதம் செய்யும் பட்டறையான ரைபோசோமைப் பிடித்து, அதை வேலை செய்ய விடாமல் முடக்குவதுதான் இந்த மருந்தின் வேலை. மைட்டோகாண்ட்ரியாவோ பழங்காலப் பாக்டீரியா ஒன்றின் வழித்தோன்றல். அதன் ரைபோசோமும் ஏறக்குறைய அதே அச்சு. மருந்துக்கு வித்தியாசம் தெரிவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏ 13 புரதங்களுக்குத்தான் குறிப்பு வைத்திருக்கிறது. அந்தப் பதின்மூன்றுமே ஆற்றல் தயாரிப்புக்கானவை. அவை நின்றால் முதலில் அடிபடுவது ஆற்றலை அதிகம் கேட்கும் இடங்கள்: பாதம்வரை ஓடும் நீண்ட நரம்பு, கண்ணின் பார்வை நரம்பு, ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜை. இந்த நரம்புக் கோளாறைப் பி6 தடுக்கும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை.

இது ஏன் சட்டென்று பிடிபடுவதில்லை என்பதற்கு எங்கள் ஆய்வுக்கூடமே சாட்சி. நாங்கள் வளர்க்கும் செல்களுக்குக் குளுக்கோஸைத் தாராளமாக ஊற்றுகிறோம். மைட்டோகாண்ட்ரியா படுத்துவிட்டாலும் அவை சர்க்கரையை நொதிக்கவைத்தே பிழைத்துக்கொள்ளும். நச்சு மறைந்தே இருக்கும். குளுக்கோஸுக்குப் பதில் காலக்டோஸ் என்ற வேறு சர்க்கரையைக் கொடுத்தால் மைட்டோகாண்ட்ரியா இல்லாமல் ஓட்ட முடியாது, குட்டு வெளிப்பட்டுவிடும். விலங்குச் சோதனையும் முழுக் காவல் இல்லை. 1993-ல் அமெரிக்காவில் ஃபியாலுரிடின் என்ற கல்லீரல் அழற்சி மருந்தை 15 பேருக்குக் கொடுத்தார்கள். 5 பேர் இறந்தார்கள். எலிகளில் அந்த ஆபத்து தெரியவில்லை, ஏனென்றால் அந்த மருந்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றிவிடும் கடத்தி மனிதருக்கு அங்கே உண்டு, எலிக்கு இல்லை.

லினசோலிட் 2000-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, அதிகபட்சம் 28 நாள் மருந்தாகத்தான் வந்தது. முக்கிய மருந்துகள் பலவற்றுக்கும் அடங்காத பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு அதையே ஆறு மாதம் கொடுக்கிறார்கள். 2024-ல் நம் அரசு ஏற்றுக்கொண்ட நான்கு மருந்துச் சிகிச்சையிலும் அது இருக்கிறது. நல்ல சிகிச்சை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாதக்கணக்காக ஊசி போட்டுக் காது கேட்காமல் போன காலத்தை நினைத்தால் பெரிய விடிவு. ஆனால் லினசோலிட்டைத் தினம் 1200 மில்லிகிராம் கொடுத்த முந்தைய ஆய்வு ஒன்றில் 81 சதவீதம் பேருக்கு நரம்புக் கோளாறு வந்தது. பிந்தைய ஆய்வில் 600 மில்லிகிராமை 26 வாரம் கொடுத்தபோது 24 சதவீதம். குறைந்தது உண்மை, ஆனால் நாலில் ஒருவர் என்பது இன்னும் சின்ன எண் அல்ல.

அந்த நாலில் ஒருவர் எப்படி இருப்பார் என்று நான் பார்த்திருக்கிறேன். தோல் பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர். நடக்கும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் பத்தடி போய்விட்டார். பின்னால் வந்த அம்மா எடுத்துக் கொடுத்தார். வாரக்கணக்காக ஒரு கடையில் ‘நரம்பு மாத்திரை’ வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் நேரத்தோடு பார்த்திருந்தால் அளவைக் குறைத்தோ நிறுத்திவைத்தோ நரம்பைக் காத்திருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். கல்லாவில் இருந்துகொண்டு ‘அந்த மாத்திரையை விட்டுவிடு’ என்று சொல்லிவிடாதீர்கள், கிருமி அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

கண்ணைப் பற்றியும் கேளுங்கள். பார்வை மங்குவதற்கு முன்பே சிவப்பும் பச்சையும் வெளிறித் தெரியலாம். நீங்கள் கேட்டால்தான் நோயாளி இதைச் சொல்வார். இன்னொன்று, இது மைட்டோகாண்ட்ரியா விவகாரம் இல்லை என்றாலும்: லினசோலிட் சாப்பிடுபவருக்குச் சூடோஎபெட்ரின் கலந்த சளி மருந்தைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறும்.

பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் கண்காணிப்புத் திட்டம் அது; நோயாளியே நிரப்பும் படிவம் தமிழிலும் உண்டு. மராத்தியும் இந்தியும் தடுமாறும் நம் பெரியவர்களுக்கு அதை நீங்கள் எடுத்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. அந்த எண்ணை மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகித உறையில் ரப்பர் முத்திரையாகக் குத்த முடியுமா? முத்திரைச் செலவை நான் ஏற்கிறேன்.

இப்படிக்கு,
மும்பையில் பணிபுரியும் ஒரு மருந்தியல் ஆய்வாளர்