அந்தக் கீச்சுச் சத்தத்தை விட்டுவிடாதே

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். என் வாழ்த்தை அவளிடம் மறக்காமல் சொல். உன் முட்டி வலி இப்போது தேவலையா? கொஞ்ச நாளைக்குப் படி ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம்.

கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, காலையில் வண்டியை எடுக்கும்போது கீச்சென்று சத்தம் வருகிறது, கொஞ்ச தூரம் போனதும் தானாக நின்றுவிடுகிறது என்று. அதைப் படித்துவிட்டுத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். போன மாதம் என் காரில் ஃபேன் பெல்ட் அறுந்துபோனது. நல்லவேளை, பகல் நேரம், சாலையில் கூட்டமும் இல்லை. பானெட்டுக்குள் படபடவென்று எதுவோ அடித்தது. அடுத்த நொடி டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. வளைவில் திருப்பப் போனால் ஸ்டீயரிங் கனத்துப்போய் இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. ஏசியில் வெறும் காற்றுதான் வந்தது. இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் பெல்ட் போய்விட்டது என்றுதான் அர்த்தம். மெதுவாக ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டேன்.

அந்த ஒரு பெல்ட்டை நம்பி எத்தனை ஓடுகிறது பார். இன்ஜின் சுற்றுகிற சக்கரமான கிராங்க் புல்லியின் சுற்றை வாங்கி, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் பம்ப் என்று எல்லாவற்றுக்கும் கொடுப்பது அதுதான். நிறைய வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அதில்தான் ஓடுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் பெல்ட் அறுந்தபிறகு ஓட்டவே கூடாது. இன்ஜினைக் குளிரவைக்கும் கூலண்ட் சுற்றாது, சில நிமிடத்திலேயே சூடு ஏறிவிடும். இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டும் போய்விட்டால், பெல்ட்டோடு முடிய வேண்டிய வேலை இன்ஜினையே பிரித்து வேலை பார்ப்பதில் போய் நிற்கும். வேறு சில இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பை வால்வுகளை நேரம் தப்பாமல் இயக்கும் டைமிங் பெல்ட் சுற்றும், சிலவற்றில் அதற்கு மின் மோட்டாரே உண்டு. அங்கே சூடு உடனே ஏறாது என்றாலும் ஆல்டர்னேட்டர் நின்றுவிட்டதால் பேட்டரியில் இருக்கிற சார்ஜ் தீரும்வரைதான் வண்டி. உன் வண்டி இதில் எந்த ரகம் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள். நடுரோட்டில் நிற்கும்போது யோசிக்கிற விஷயம் இல்லை அது.

அப்புறம், உன் கார் புதிது, அதில் மின்சார பவர் ஸ்டீயரிங்காக இருக்கலாம். அப்படியானால் பெல்ட் அறுந்தாலும் ஸ்டீயரிங் உடனே கனக்காது, பேட்டரி விளக்கு ஒன்றுதான் உனக்குத் தகவல் சொல்லும். அது எரிந்தால் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று போகாதே. நிறுத்து, டெம்பரேச்சர் முள்ளைப் பார், பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்காதே. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்த மறுகணம் கொதித்து முகத்தில் அடிக்கும்.

வண்டியைக் கட்டி இழுத்து ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனோம். அந்த மெக்கானிக் வேலை செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. புது பெல்ட்டைக் கையில் எடுக்கவே இல்லை. முதலில் ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். மற்றதெல்லாம் சத்தமில்லாமல் சுற்றின. பெல்ட்டுக்கு வழிகாட்டுகிற ஐட்லர் புல்லி மட்டும் கரகரவென்று நறநறத்தது, பிடித்து ஆட்டினால் ஆடியது. பேரிங் போயிருந்தது. அது சாய்ந்து ஓடியதில் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி, ஓரம் உரசி நூல் நூலாகப் பிரிந்து கடைசியில் அறுந்திருக்கிறது. பெல்ட்டை மட்டும் மாட்டி அனுப்பியிருந்தால் புதுசும் அதே கதிக்குத்தான் வந்திருக்கும். பெல்ட் அறுந்தது என்று யார் சொன்னாலும் "ஏன் அறுந்தது?" என்று கேட்டே ஆக வேண்டும் என்று எனக்கு உறைத்தது அங்கேதான். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கம்ப்ரஸர் புல்லி இறுகியிருக்கலாம், மேலேயிருந்து ஆயில் சொட்டி ரப்பர் ஊறியிருக்கலாம். தானாகவே வயதாகி அறுவதும் உண்டுதான், ஆனால் மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

இன்னொன்றும் செய்தார். டார்ச் அடித்து, கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றிக் கிடந்த கறுப்பு நூலை மூக்கு பிளையரால் பிடித்துத் துண்டு துண்டாக வெளியே எடுத்தார். கடைசி இழை வரும்வரை விடவில்லை. அது உள்ளே போய் ஆயில் கசியாமல் அடைக்கும் கிராங்க் ஆயில் சீலைக் கிழித்துவிடும் என்றார். சில இன்ஜின்களில் டைமிங் கவருக்குள்ளேயே நுழைந்து டைமிங் பெல்ட்டைப் பல் தாண்ட வைத்துவிடுமாம். அப்படி ஆனால் வால்வும் பிஸ்டனும் மோதும். அறுந்த பெல்ட்டை எடுத்துப் போட்டுவிட்டு இதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் நிறைய.

சரி, உன் சத்தத்துக்கு வருகிறேன். ஸ்டார்ட் செய்ததும் பேட்டரி இழந்த சார்ஜை ஆல்டர்னேட்டர் திருப்பிக் கொடுக்கும், அந்த நேரத்தில்தான் பெல்ட்டுக்குப் பாரம் அதிகம். காலை ஈரமும் சேர்ந்தால் தளர்ந்த பெல்ட் வழுக்கிக் கீச்சிடும். சார்ஜ் ஏறி, ஈரம் காய்ந்ததும் அடங்கிவிடும். நீ எழுதியது அச்சாக அப்படித்தான் இருக்கிறது. உறுதி செய்ய ஒரு வழி உண்டு. இன்ஜின் ஓடும்போது, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எட்ட நின்றே பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளி. சத்தம் கூடினால் இழுப்பு போதவில்லை, டென்ஷனரைப் பார்க்க வேண்டும். சத்தம் சட்டென்று நின்று சிறிது நேரத்தில் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. சத்தம் போக என்று ஸ்பிரே ஏதாவது விற்றால் வாங்காதே. சத்தம்தான் மறையும், கோளாறு அப்படியே கிடக்கும்.

பெல்ட்டில் வெடிப்பு இல்லையே, நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துவிடவும் வேண்டாம். பழைய ரப்பர் வெடித்துக் காட்டிக்கொடுக்கும். இப்போது வருகிற ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் லேசில் வெடிக்காது, டயர் தேய்வது போல வரிகள் மெல்ல மெல்லத் தேயும். பார்வைக்குத் தெரியாது. வரிகளின் ஆழத்தை அளக்கச் சின்ன அளவுகோல் ஒன்று மெக்கானிக்குகளிடம் இருக்கும், வைத்துப் பார்க்கச் சொல்.

மாற்றும்படி ஆனால் டென்ஷனர், ஐட்லர் இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல். பெல்ட்டின் முதுகில் 6பிகே1750 என்பது போல ஒரு எண் இருக்கும். 6 என்பது வரிகளின் எண்ணிக்கை, 1750 என்பது மில்லிமீட்டரில் நீளம். கொஞ்சம் நீளம் மாறினாலும் டென்ஷனர் சரியாக இழுக்காது, அதனால் "இதுவே பொருந்தும்" என்று யாராவது பக்கத்து அளவைக் கொடுத்தால் வாங்காதே. பழைய பெல்ட்டைக் கழற்றுமுன் அது எந்தெந்தப் புல்லியைச் சுற்றிப் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வை. சில வண்டிகளில் பானெட்டுக்கு அடியிலேயே அந்தப் படம் ஒட்டியிருக்கும்.

மகளையும் அந்த வண்டியில்தானே தினமும் கொண்டுபோய் விடுகிறாய்? அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். இந்த வாரமே காட்டிவிட்டு, மெக்கானிக் என்ன சொன்னார் என்று எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்