பாட்டுக்கு உரியவர் பெயரைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க நாட்டுப்பாடல்கள் பற்றிய கட்டுரையில், ‘ஹோம் ஆன் தி ரேஞ்ச்’ பாட்டை மாடு மேய்ப்பவர்கள் காலங்காலமாகப் பாடி வந்தார்கள், எழுதியவர் யாரென்று தெரியாது என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கான்சாஸில் ஸ்மித் கவுண்டி, பீவர் ஓடைக்கரை. 1871-இல் அங்கே குடியேறிய டாக்டர் புரூஸ்டர் ஹிக்லி எழுதிய கவிதை அது. மெட்டுப் போட்டவர் டேனியல் கெல்லி என்ற தச்சர், வயலின் வாசிப்பவர். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது டாக்டரின் அந்தச் சின்னக் குடிசையை நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே வழி கேட்டால் யாரும் ‘எழுதியவர் தெரியாது’ என்று சொல்வதில்லை.

1876-இலேயே இந்தக் கவிதை வேறொருவர் பெயரில் வெளியானபோது, ‘கிர்வின் சீஃப்’ என்ற சின்ன ஊர்ப் பத்திரிகை, இது ஹிக்லி எழுதியது என்று சொல்லி முழுக் கவிதையையும் மறுபடி அச்சிட்டது. 1934-இல் அரிசோனா தம்பதி ஒருவர் பாட்டு தங்களுடையது என்று ஐந்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட, வானொலியில் பாட்டையே நிறுத்திவிட்டார்கள். சாமுவேல் மோன்ஃபெல்ட் என்ற வழக்கறிஞர் கான்சாஸ் வரை போய், வயதானவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து, உண்மையை வெளியே கொண்டுவந்தார். 1947-இல் அது கான்சாஸின் மாநிலப் பாடலும் ஆயிற்று. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

நாட்டுப்புறப் பாட்டு என்றாலே ஆள் கிடையாது என்று உங்கள் இதழ் முடிவு செய்துவிடுகிறது. முன்பு ஒரு பொங்கல் மலரில் எங்கள் ஊர்க் கும்மிப் பாட்டைப் போட்டு, கட்டியவர் தெரியவில்லை என்று எழுதினீர்கள். கட்டியது என் பெரியம்மா. பெயர், ஊர் எல்லாம் எழுதி அனுப்பினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. அடுத்த இதழில் வரும் என்று எதிர்பார்த்தபடியே அவர் போய்ச் சேர்ந்தார். இத்தனை வருடம் சந்தா கட்டுகிற எனக்கு ஒரு தபால் அட்டை போடக் கூடவா உங்களுக்கு நேரம் இல்லை?

சரி, அது போகட்டும். அடுத்த இதழில் இரண்டே வரித் திருத்தம் போடுங்கள். கவிதை ஹிக்லி, இசை கெல்லி. இடமிருந்தால், அதே பெட்டியில் பெரியம்மாவின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சந்தா வாசகி,
தஞ்சாவூர்