டயர் ஆறும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்: விமானப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் தனியார் ஜெட் விமானங்களைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் நான். போன வாரம் நடந்ததை முறைப்படி உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். அதனால் எந்த விமானம், யாருடைய ஹேங்கர் (விமானக் கொட்டகை) என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கேட்பது ஒன்றுதான். நாளின் முதல் பயணத்துக்கு முன், டயர் ஆறியிருக்கும்போது அழுத்தத்தை அளந்து, அளவையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே விமானம் கிளம்ப வேண்டும். இதை எல்லாருக்கும் பொதுவான உத்தரவாகப் போடுங்கள்.

2008 செப்டம்பரில் அமெரிக்காவின் தென் கரோலைனாவில், கொலம்பியா நகர ஓடுபாதையில் வேகமெடுத்த லியர்ஜெட் 60 விமானத்தின் டயர்கள் வெடித்தது உங்களுக்குத் தெரியும். அந்த டயர்களில் நாளுக்குச் சுமார் 2 விழுக்காடு அழுத்தம் தானாகவே குறையும். ஏறக்குறைய 3 வாரம் யாரும் அளக்கவில்லை. சிதறிய துண்டுகள் விமானத்தின் மின்கம்பிகளைச் சேதப்படுத்தியதால், விமானம் தரையில் ஓடுவதே அதன் கருவிகளுக்குத் தெரியாமல் போனது. வேகத்தைக் குறைக்க வேண்டிய எஞ்சின்கள் முன்னோக்கித் தள்ளின. புறப்பாட்டைக் கைவிட விமானி எடுத்த முடிவும் காலம் கடந்தது என்று விசாரணை சொன்னது. ஆனால் தொடக்கம் டயர்தான். வேலியை உடைத்து, சாலையைக் கடந்து, மேட்டில் மோதி எரிந்தது விமானம். உள்ளே இருந்த 6 பேரில் 4 பேர் இறந்தார்கள்.

அழுத்தம் குறைந்த டயர் வெறும் கண்ணுக்கு நல்ல டயர் போலவே தெரியும். இறங்கிய சூட்டில் அளந்தாலும் பயனில்லை, அளவு கூடுதலாகக் காட்டும். ஆறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

போன வாரம் இங்கே நடந்தது இதுதான். பதிவேட்டில் பல நாட்களாக அழுத்தக் கணக்கே இல்லை. விமானம் அப்போதுதான் இறங்கியிருந்தது, உடனே கிளம்ப வேண்டுமாம். எங்களோடு வேலை செய்யும் ஒரு தம்பி, "ஆறட்டும், அளந்துவிட்டு அனுப்பலாம்" என்றார். "கெஸ்ட் வந்துட்டாங்க, பார்த்தாலே நல்லாத்தானே இருக்கு, அனுப்பு" என்று பதில் வந்தது. தம்பி கையெழுத்துப் போட மறுத்தார். வேறொருவர் போட்டார். மறுநாள் தம்பியின் பெயர் ஷிப்ட் பட்டியலில் இல்லை. "வேலை அனுமதி பாஸ் புதுப்பிக்கிற நேரம் வருது, பார்த்து நடந்துக்கோ" என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். ஊரில் கடன் வாங்கி இங்கே வந்தவர் அவர். பாஸும் முதலாளியின் கையில், சம்பளமும் முதலாளியின் கையில் என்றால், அடுத்த முறை எந்தத் தொழிலாளி வாயைத் திறப்பார்?

அந்த விமானம் நல்லபடியாகப் போய் இறங்கிவிட்டது. அதனால் செய்தது சரியென்று ஆகிவிடாது.

வெளிநாட்டுப் பதிவுள்ள விமானம், அதன் பராமரிப்பு அந்த நாட்டின் பொறுப்பு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பதிவு எந்த நாட்டில் இருந்தாலும் அது ஓடுவது நம் ஓடுபாதையில். பக்கத்தில் ஃபெர்ன்வேல் அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன, ஜாலான் காயு சாப்பாட்டுக் கடைகளில் ராத்திரியெல்லாம் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வசதியானவர்களை வரவேற்க எவ்வளவோ செய்கிறோம். அவர்கள் உயிரையும் நம் உயிரையும் காக்க இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொல்ல நமக்கு ஏன் இத்தனை தயக்கம்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: ஆறிய டயரின் அன்றைய அழுத்தம் பதிவாகாமல் எந்த ஜெட்டும் கிளம்பக் கூடாது என்று உத்தரவிடுங்கள். கையெழுத்துப் போட மறுத்தவரைத் தண்டிக்கக் கூடாது என்பதையும் அதே உத்தரவில் சேருங்கள். தம்பியின் பாஸ் காலாவதியாகும் முன் உங்கள் பதில் வர வேண்டும்.

இப்படிக்கு,
சிலேத்தார் பராமரிப்புத் தொழிலாளி ஒருவன்