உன் நோட்டு அலமாரியில் இருந்தது

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தேர்வுத்தாள்கள் மேசையை நிறைத்துக் கிடந்ததால் பேனாவை வேறு எதற்கும் எடுக்க முடியவில்லை, நேற்று இரவுதான் கடைசிக் கட்டைத் திருத்தி முடித்தேன். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்து மறுபடி செய்தித்தாள் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்தேன். அவர்களிடம் நான் கேட்டதாகச் சொல்.

முதலில் ஒரு விஷயம். இசை அறையின் பெரிய அலமாரியைச் சுத்தம் செய்தபோது அடித்தட்டில் உன் பழைய நோட்டு கிடைத்தது. நீலத் துணி அட்டை, ஓரமெல்லாம் கரையான் தொட்டிருக்கிறது, ஆனால் எழுத்து அப்படியே இருக்கிறது. பாட்டுக் குறிப்பு என்று நினைத்துத்தான் திறந்தேன். உள்ளே பார்த்தால் பக்கத்துக்கு ஒரு பையன், பெயருக்குக் கீழே மாதாமாதம் தேதி, அந்தத் தேதியில் அவனால் சிரமமில்லாமல் பாட முடிந்த கீழ் சுரம் எது, மேல் சுரம் எது என்று இரண்டு கட்டம். சில பக்கங்களில் மேல் சுரம் மாதத்துக்கு மாதம் இறங்கி இறங்கி வந்து, கடைசியில் "இப்போது ஐந்து சுரம்தான். விடக்கூடாது" என்று எழுதியிருக்கிறாய். உன்னோடு எத்தனை வருடம் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன், நீ இப்படி ஒரு கணக்கு வைத்திருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், நீ போன பிறகு பாடகர் குழுவிலிருந்து பையன்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. ஏழாம் வகுப்பு வரை கணீரென்று மேல் குரல் பாடியவன் எட்டாம் வகுப்பில் திடீரென்று ஒரு சுரத்தில் கீச்சென்று வழுக்குகிறான், பக்கத்தில் நிற்பவன் சிரிக்கிறான், அடுத்த வாரம் ஒத்திகைக்கு ஆள் இல்லை. மகரக்கட்டு உடையும்போது, அதாவது பையனின் குரல் ஆண் குரலாக மாறும்போது, குரல்நாண் நீண்டு தடித்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, ஒரு ஸவிலிருந்து அடுத்த ஸ வரை உள்ள தூரம், கீழே போகிறது, அந்த இடைக்காலத்தில் பழைய மேல் குரலும் கையில் இல்லை, புதிய கீழ்க் குரலும் நிலைக்கவில்லை என்பதை அந்த வயதுப் பையனுக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் இல்லையா? யாரும் சொல்லவில்லை. தனக்குப் பாட்டு வராது என்று அவனே முடிவு கட்டிக்கொண்டு போய்விடுகிறான். பெண் பிள்ளைகளுக்கும் குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது, ஆனால் அது இத்தனை பேர் முன்னால் காட்டிக்கொடுப்பதில்லை.

புது இசை ஆசிரியர் வயதில் சின்னவர், நல்ல மனசு. நோட்டைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். மறுநாளே நின்றுபோன பையன்களை மதிய இடைவேளையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஹார்மோனியத்தில் சுரம் பார்த்தார், நீ போட்ட மாதிரியே கட்டம் போட்டுக்கொண்டார். அப்புறம் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு எடுத்த நான்கு பாட்டிலும் அவர்களுக்கென்று தனியாக ஒரு குரல் வரிசை எழுதினார், ஐந்தாறு சுரத்துக்குள்ளேயே நகரும் வரிசை, எங்கேயும் தாவல் கிடையாது. பதினோரு பையன்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். நேற்று மாடி ஏறும்போது அறைக் கதவு திறந்திருந்தது, குழுவின் நான்கு குரல் வரிசையும் சேர்ந்து கேட்டது. அடியில் அந்தப் பையன்களின் குரல் கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் தயக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. அது இல்லாமல் போன இரண்டு வருடமும் பாட்டு காற்றில் மிதக்கிற மாதிரி இருந்ததே, தரை எங்கே போயிற்று என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சரி, என் பக்கம் வருகிறேன்.

விடுமுறைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஆசிரியர் அறையில் அதே பழைய பேச்சுதான், தேர்வு முடிந்துவிட்டது, பிள்ளைகள் மனசு வீட்டுக்குப் போய்விட்டது, இனி பாடம் நடத்தி என்ன ஆகப்போகிறது என்று. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. மதிப்பெண் பயம் இல்லாமல் பிள்ளைகள் என் முன்னால் உட்காருவது வருடத்திலேயே இந்தப் பத்து நாள்தான். இதைப் படம் போட்டுக் காட்டி ஓட்டிவிடுவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. அதனால் இந்த வருடம் தலைமை ஆசிரியரிடம் கேட்டு ஆய்வுக்கூடத்தையும் ஒரு பெட்டி மெழுகுவர்த்தியையும் வாங்கிக்கொண்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்கு மெழுகுவர்த்தியை வைத்து ஒரு மணி நேரம் அறிவியல் செய்து காட்டுகிறார்கள்.

யோசனை என்னுடையது இல்லை, ஃபாரடேயுடையது. லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825 முதல் கிறிஸ்துமஸ் சமயத்தில் இளையவர்களுக்கென்று அறிவியல் உரைகள் நடக்கின்றன. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் சில வருடம் நின்றதைத் தவிர இன்று வரை தொடர்கிறது. மைக்கேல் ஃபாரடே மட்டும் பத்தொன்பது வருடம் அந்த மேடையில் பேசியிருக்கிறார், அதில் ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே ஆறு உரை. இயற்கை அறிவியலுக்குள் நுழைய இதைவிடத் திறந்த வாசல் வேறு இல்லை என்று அவர் பிள்ளைகளிடம் சொன்னார். அவரே கொல்லர் வீட்டுப் பையன், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். 1812இல் யாரோ கொடுத்த நுழைவுச்சீட்டில் போய் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டு, எடுத்த குறிப்பையெல்லாம் தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார், அடுத்த வருடம் அவரிடமே உதவியாளரானார். இதை வகுப்பில் சொன்னபோது பின் பெஞ்சிலிருந்து ஒருவன் "அந்தச் சீட்டு கிடைக்காமல் போயிருந்தால் மிஸ்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அன்று முழுவதும் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

ஒத்திகை எப்படிப் போகிறது என்று கேட்பாய். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் எழும் வெள்ளைப் புகையில், திரியைத் தொடாமல் ஒரு விரல் உயரத்தில் தீக்குச்சியை நீட்டினால் சுடர் புகை வழியே இறங்கித் திரியைப் பற்றும் பார், அதற்குத்தான் பிள்ளைகளிடம் பெரிய கூச்சல். எரிவது மெழுகின் ஆவிதான் என்று அதற்குப் பிறகு வார்த்தையால் சொல்ல வேண்டியதே இல்லை. சுடருக்கு மேலே குளிர்ந்த தட்டைப் பிடித்தால் ஈரம் படிகிறது, நெருப்பிலிருந்து தண்ணீரா என்று கேட்டு ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள்.

சுண்ணாம்புத் தண்ணீரில்தான் ஒரு சிக்கல். உறிஞ்சுகுழலால் மூச்சை ஊதினால் பால்போல் வெளுக்கும், மெழுகுவர்த்தி எரியும்போது வருகிற அதே வாயு நம் மூச்சிலும் இருக்கிறது என்று காட்டுவதுதான் திட்டம். ஊதுகிறவன் உற்சாகத்தில் நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தான், வெளுத்த தண்ணீர் கண் முன்னாலேயே மறுபடி தெளிந்துவிட்டது. அவன் முகம் விழுந்துவிட்டது, கெடுத்துவிட்டேன் மிஸ் என்றான். நீ கெடுக்கவில்லை, அடுத்த படிக்குப் போய்விட்டாய் என்று சொன்னேன். வெளுப்பாகத் தெரிகிற கால்சியம் கார்பனேட், இன்னும் கரியமிலவாயு சேரச் சேரக் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது, அதனால்தான் தெளிகிறது. சுண்ணாம்புப் பாறையில் குகைகள் உண்டாவதும் இதே வினையால்தான் என்றதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இப்போது நிகழ்ச்சியிலும் தெளியும் வரை ஊதுவது என்று அவனே முடிவு செய்துவிட்டான்.

இதைவிடப் பெரியது ஒன்று நடந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு, அது தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் போகிறது என்று நாம் படித்தோம், நானும் அப்படியேதான் பல வருடம் சொல்லிக்கொடுத்தேன். ஒத்திகையை வேடிக்கை பார்க்க வந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். ஆக்சிஜன் தீரத் தீரத்தான் ஏறுகிறது என்றால் எரிந்துகொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டுமே, ஏன் அணைந்த பிறகு சட்டென்று ஏறுகிறது என்று கேட்டாள். நான் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டேன். மறுபடி செய்து பார்த்தோம், அவள் சொன்னபடிதான் நடந்தது. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பிலிருந்து குமிழி வெளியேறுவதை இன்னொருவன் கவனித்தான். மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தோம், அதே டம்ளர், அதே காற்று, ஆனால் தண்ணீர் முன்னைவிட நன்றாக உயர்ந்தது. சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது, சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அதுதான் பெரும்பங்குக் காரணம். ஆக்சிஜன் முழுக்கத் தீருவதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. இவ்வளவு நாள் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று அந்த வகுப்பிலேயே சொன்னேன். நாளைக்குப் பதினொன்றாம் வகுப்புக்குப் போய் அங்கேயும் சொல்ல வேண்டும், அவர்கள் என்னிடம்தான் அதைப் படித்தார்கள்.

நாடகமும் உண்டு. கிறிஸ்து பிறப்பு நாடகத்தை இந்த முறை ஒன்பதாம் வகுப்பே எழுதுகிறது. குடிலில் நிஜ ஆடு வேண்டும் என்று ஒரு கூட்டம் அடம் பிடிக்கிறது. 1223இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசி முதன்முதலாகக் குடில் காட்சி அமைத்தபோது நிஜ மாடும் கழுதையும்தான் நின்றன என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இன்னும் முடிவாகவில்லை.

பரிசுச் சீட்டு விஷயத்தை மட்டும், அதுதான் சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்குப் பரிசு கொடுப்பது, மாற்றிவிட்டேன். போன வருடம் சீட்டு எடுத்த மறுநாளிலிருந்து என் வகுப்பில் ஒரு பெண் நான்கு நாள் வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். பரிசு வாங்க வழி இல்லாமல்தான் வரவில்லை என்று எனக்கு ஜனவரியில்தான் தெரிந்தது. அந்த நாலு நாளில் நான் ஒரு தடவைகூட வீட்டுக்குப் போய்ப் பார்க்கவில்லையே என்று இன்னும் உறுத்துகிறது. இந்த வருடம் கடையில் வாங்கியது எதுவும் கூடாது, சீட்டில் வந்தவருக்குத் தன் நேரத்தில் ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டும், அதை அட்டையில் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இயற்கணிதம் சொல்லித்தருகிறேன், சைக்கிள் பஞ்சர் ஒட்டக் கற்றுத்தருகிறேன், உன் தங்கைக்குப் படம் வரைந்து தருகிறேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தன் "ஒரு மணி நேரம் நீ சொல்வதைக் கேட்கிறேன், குறுக்கே பேச மாட்டேன்" என்று எழுதியிருக்கிறான். அது யாருக்குப் போகிறதோ அவருக்கு வேண்டியதுதான் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

விடுமுறையில் நூலகத்தை வாரத்துக்கு மூன்று நாள் காலையில் திறந்து வைக்கிறோம். வீடு அமைதியாக இல்லாத பிள்ளைகள் எந்த வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு விடுமுறை என்றாலே வயிற்றில் கனம். பெயர் கேட்பதில்லை, கையெழுத்து இல்லை, வந்தால் உட்காரலாம். முதல் வாரம் நான் இருக்கிறேன்.

இப்போது உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். விடுமுறைக்கு முந்தைய கடைசி வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ச்சி. அன்று மதியமே வந்துவிடு, மெழுகுவர்த்தி வகுப்பையும் பார்க்கலாம். நோட்டில் இருக்கிற பையன்களில் இரண்டு பேர் இப்போது வளர்ந்து இதே பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார்கள், அன்று வருவார்கள். ஒருவரிடம் அவருடைய பக்கத்தைக் காட்டினேன். தேதிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மிஸ் வருவாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நோட்டைத் தபாலில் அனுப்ப மனசு வரவில்லை, இசை அறை மேசையிலேயே வைத்திருக்கிறேன். புது ஆசிரியருக்கு அதில் நீ சிவப்பு மையில் போட்ட சுழிகளுக்கு என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டுமாம், எனக்கும் தெரியவில்லை. மாடிப்படி உன் முழங்காலுக்கு ஆகாது என்றால் கவலைப்படாதே, கடைசி ஒத்திகையைக் கீழே அரங்கத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். இரவு என் வீட்டில் தங்கிக்கொள்.

எந்த வண்டியில் வருகிறாய் என்று எழுது, நிலையத்துக்கு வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி