செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், தாமதமானாலும் வந்து உட்கார்ந்திருக்கும் பின்வரிசைக்காரர்களுக்கும் வணக்கம்.

பாதாளச் சாக்கடை விஷயம் போன வருஷம் எங்கே நின்றதோ அங்கேயேதான் நிற்கிறது. மனு கொடுத்தோம், ரசீது இருக்கிறது. தெருமுனை விளக்கு எரிகிறது. பொங்கல் கோலப் போட்டிப் பரிசில் வந்த மனஸ்தாபம் தீபாவளிக்குள் தீர்ந்துவிட்டது.

விரிவாகச் சொல்ல இருப்பது திண்டுக்கல் மலைக்கோட்டைப் பயணம்தான். குழுக் கூட்டத்தில், "இடிஞ்ச கோட்டையில என்ன இருக்கு, கொடைக்கானல் போவோம்" என்று பலரும் சொன்னார்கள். வேன் வாடகை கட்டுப்படியாகாததால்தான் திண்டுக்கல் ஜெயித்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மதுரையிலிருந்து 60 கிலோமீட்டர் சொச்சம். திண்டு போட்டது மாதிரி ஒரே கல்லாகக் கிடக்கிற மலை. ஊர்ப் பெயரே அப்படி வந்தது என்பார்கள். நம்ம மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் 1605-ல் கட்டத் தொடங்கிய கோட்டை. மைசூர்க்காரர்கள் 1755-ல் ஹைதர் அலியை அதிகாரியாக அனுப்பியது இங்கேதான். 1790-ல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். இதையெல்லாம் நான் வேனிலேயே படித்துக் காட்டினேன். பாதிப் பேர் தூங்கினார்கள்.

பாறைப் படியில் ஏறி மூச்சு வாங்கி நின்றால் மதில், பீரங்கி, கிடங்கு, கூரை போன அறைகள். எதிர்பார்த்ததுதான். உச்சியில் ஒரு கோயில். அர்ச்சனைத் தட்டோடு வந்த அக்கா ஒருவர் கருவறையை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாவ எங்கப்பா?" என்றார். அபிராமி அம்மன் கீழே ஊருக்குள் இருக்கிறாள். மேலே கருவறை காலி.

சாமி இல்லாததால்தான் தூண்களைப் பார்த்தோம் என்று நினைக்கிறேன். மீனாட்சி கோயிலை வாசலில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நாம். அங்கே வரிசை நகர்கிறதா என்றுதான் பார்ப்போம், எந்தத் தூணைப் பார்த்தோம்?

கல் வேலை செய்து ஓய்ந்த நம் உறுப்பினர் ஒருவர், கூட்டத்தில் வாயே திறக்காதவர், "நேரா நின்னு பாக்காதீங்க, பக்கவாட்டுல வாங்க, வெயில் சரிவா விழணும்" என்றார். போனோம். ஒரு முழ உயரம்கூட இல்லாத சிற்பம். அதுவரை வெறும் கோடாகத் தெரிந்தது, இடுப்புத் துணியின் மடிப்பாக எழுந்து வந்தது. ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, முழங்கால் பக்கம் மெலிந்து போகிற மடிப்பு. "இதுக்குச் சின்ன உளிதான். ஓங்கி ஒரு தட்டு தட்டுனா சில்லு பேந்துரும்" என்றார். விரலை அருகே கொண்டுபோனாரே தவிரத் தொடவில்லை. அதே தூணில் யாரோ ஒரு காதலர் ஆணியால் பெயர் கீறியிருந்தார். பெரியவர் அதையும் சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இறங்க மனமில்லாமல் நின்றதில் உச்சிவெயில் வந்துவிட்டது. கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்தது. அது என் தவறு; அடுத்த முறை கேன் கூடுதலாக வரும். அப்புறம் பிரியாணி, வரும் வழியில் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை. அங்கே ஆன நேரம் கோட்டையில் ஆனதைவிட அதிகம்.

அந்தச் சிற்பத்தின் படத்தைப் பெரிதாக்கிச் சங்க அறையில் மாட்டியிருக்கிறோம். சட்டம் போட்ட செலவு கணக்கில் தனியாக உள்ளது, பொருளாளர் வாசிப்பார். வேன் பங்கு 4 பேர் இன்னும் தரவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், இந்த அறையில்தான் இருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்