நெருப்புச் சட்டி விருந்து

பெய்ஜிங்
நவம்பர் 24

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு.

இங்கே குளிர் வந்துவிட்டது. நவம்பர் 15-ஆம் தேதிதான் ஊர் முழுக்க ஹீட்டிங் போடுவார்கள். அதுவரை வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டரோடு திரிந்தேன். போன சனிக்கிழமை நாலு பேரை ஹாட் பாட் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். இவர்கள் சொல்வது ஹுவோகுவோ, அதாவது நெருப்புச் சட்டி. பாத்திரம் எதிர்வீட்டுப் பாட்டியுடையது. செம்பு, நடுவில் புகைபோக்கி, அதற்குள் கரி, சுற்றிலும் அகழி மாதிரி தண்ணீர்.

அவசரத்தில் முதலில் தணலைப் போடப் போனேன். பாட்டி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நெருப்பாம். வெறும் பாத்திரத்தில் போட்டால் ஈயம் வைத்து ஒட்டிய இணைப்பு உருகி ஒழுகுமாம். கரிப்புகை ஆபத்து என்று ஜன்னலையும் திறந்துவிட்டார். அவ்வளவு நாள் காத்திருந்து வந்த சூடு ஜன்னல் வழியே போயிற்று!

தண்ணீரில் இஞ்சி, வெங்காயத்தாள், ரெண்டு காய்ந்த சீன இலந்தைப்பழம். அவ்வளவுதான், மசாலாவே கிடையாது. ஆட்டுக்கறியைக் காகிதம் போலச் சீவியிருப்பார்கள். ஒரு துண்டைக் குச்சியில் பிடித்துக் கொதிநீரில் துணி அலசுவது போல அலச வேண்டும். சிவப்பு வெளுத்ததும் எடுத்துவிடு, இல்லையென்றால் ரப்பர். தொட்டுக்கொள்ள எள் விழுது. அதில் புளிக்கவைத்த டோஃபுவும் (சோயாப் பன்னீர்) உப்பிட்ட பூண்டுத்தழைப் பூ விழுதும் கலந்திருக்கும். கறி முடிந்த பிறகுதான் கோஸ், டோஃபு, கண்ணாடி சேமியா.

எச்சில் பார்த்து வளர்ந்தவள் நான், உனக்குத் தெரியாதா? அஞ்சு பேர் குச்சியும் ஒரே தண்ணீரில் என்றதும் வயிற்றைப் பிசைந்தது. பச்சைக்கறியைப் போடவும் எடுக்கவும் ஒரு பொதுக்குச்சி வைத்துப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் அது எந்தக் குச்சி என்று யாருக்கும் தெரியவில்லை. சரி, கொதிக்கிற தண்ணீர்தானே என்று விட்டுவிட்டேன்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் தென்மேற்குச் சீனாவில் உள்ள சோங்சிங் ஊர்க்காரர். “இது வெறும் வெந்நீர்” என்று கடைசிவரை கேலி. அவர் ஊர்ச் சட்டியில் மாட்டுக்கொழுப்பு, வற்றல் மிளகாய், நாக்கு மரத்துப்போகிற ஒரு மிளகு. குடல்கறியை ஏழு தடவை தூக்கி எட்டு தடவை முக்கினால் பதமாம். எண்ணிக் காட்டினார்.

அப்புறம் ஒன்று. நம் வீட்டு விருந்தில் நான் என்றைக்காவது உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேனா? எல்லோரும் கை கழுவிய பிறகு ஆறிப்போன சோறுதான். அன்றைக்கு மூணு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. அவரவர் சாப்பாட்டை அவரவரே வேகவைத்துக்கொண்டார்கள். பரிமாறத் துடித்த கையைப் பார்த்துப் பாட்டி, “முதலில் உன் கறியைக் கவனி” என்றார். அது ரப்பராகியிருந்தது.

கடைசியில் பாட்டி மிச்ச எள் விழுதில் அந்தத் தண்ணீரையே ஊற்றிக் குடித்தார். நானும் குடித்தேன். நல்ல ஆட்டுக்கால் சூப்பின் சாயல்.

பொங்கலுக்கு வருகிறேன். பாத்திரத்தைத் திருப்பித் தர மனசில்லை. ஒன்று வாங்கி வந்தால் உன் வீட்டில் கரி கிடைக்குமா என்று எழுது.

அன்புடன்,
மீனா